காத்து ஆகாத காக்கு

நாய் ஆகாத மனுஷங்க உண்டு, பூனை ஆகாதவங்க உண்டு, மாமியார் ஆகாதவங்களுக்குக் கணக்கே கிடையாது. காத்து ஆகாத மனுஷனை நீங்க பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். பார்த்திருக்கேன் என்ன, இருபது வருஷம் அவர் தலைக்கு மேலேயே குடியிருந்தேன்.

டாலிகஞ்ச்ல நாங்க முதல் மாடி, அவர் கீழ் வீடு. எங்க வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துல வேலை. விருதுநகர்க்காரி நான், கல்கத்தா வந்து எத்தனையோ புழுக்கத்தைப் பார்த்துட்டேன். ஆனா கீழ் வீட்டுப் புழுக்கம் மாதிரி ஒரு புழுக்கம் எங்கேயும் கிடையாது. அந்த வீட்டுல ஃபேனே இல்ல. கூரையில கொக்கி மட்டும் இருக்கும், அதுல ஒரு பை தொங்கும். ஜன்னல் பூராவும் பழைய சேலை கட்டி மூடியிருக்கும். சித்திரை மாசத்துல உள்ளே போனா அஞ்சு நிமிஷத்துல ஆள் பாதி ஆயிரும்.

அவர் பேரைச் சொல்ல மாட்டேன். தமிழ் அவருக்குத் தெரியாதுதான், ஆனாலும் யாராவது வாசிச்சுக் காட்டிருவாங்க, எதுக்கு வம்பு. என் மக மீனா அவரைச் சின்ன வயசுல இருந்து 'காக்கு'ன்னு கூப்பிடுவா. அங்கே சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க. அவளைப் பார்த்து நாங்களும் காக்குன்னே கூப்பிட ஆரம்பிச்சோம். அவரைவிட வயசுல மூத்தவர் எங்க வீட்டுக்காரர், அவரும் காக்கு, நானும் காக்கு. அவர் என்னை 'பௌதி'ம்பார். அண்ணின்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரரைத் 'தாதா'ம்பார், அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க.

காக்குவுக்குத் தொழில் ஷோலா வேலை. ஷோலான்னா நம்ம நெட்டிதான். குளத்துலயும் சதுப்புலயும் தானா வளர்ற செடி. தண்டு மேலே பழுப்பா இருக்கும், சீவினா உள்ளே வெள்ளைவெளேர்னு இருக்கும். அதை ஒரு கத்தியை வச்சு வெங்காயத் தோல் மாதிரி உரிச்சு, மடிச்சு, நறுக்கி, மல்லிமொட்டு, மயிலு, அம்மன் கிரீடம், கல்யாணக் கிரீடம்னு என்ன வேணாலும் பண்ணுவார். பண்ணினதைக் கையில வச்சா வச்ச மாதிரியே இருக்காது. கனமே கிடையாது. நீங்க பெருமூச்சு விட்டா மயிலு அடுத்த ரூமுக்குப் போயிரும். மனுஷன் ஏன் காத்துக்குப் பகையாளி ஆனார்னு இப்பப் புரியுதா?

எங்க பழக்கம் ஆரம்பிச்சதே புளியங்கொட்டையில. நாங்க குடி வந்த மூணாம் நாள் கதவைத் தட்டினார். திறந்தேன். குட்டையா ஒரு ஆள், தோள்ல துண்டு, முகமெல்லாம் வேர்வை. வாசல்ல நின்னுக்கிட்டு வணக்கம்கூட மெதுவாத்தான் சொன்னார். நான் நல்லாக் கேக்கணும்னு சத்தமா "என்ன வேணும்?"னு கேட்டேன். அவர் பயந்து ஒரு படி கீழே இறங்கிட்டார்.

"பௌதி, நீங்க மதராஸி. தினம் புளி கரைப்பீங்க. கொட்டையை என்ன பண்றீங்க?"

"தூரப் போடுறேன். வேறென்ன, அவிச்சா திங்க முடியும்?"

"போடாதீங்க. எனக்குக் குடுங்க."

புளியங்கொட்டையை வறுத்து, இடிச்சு, காய்ச்சினா பசையாம். நெட்டியை ஒட்டுறதுக்கு அதுதான் வேணுமாம், கடைப்பசை போட்டா மஞ்சளாயிருமாம். பெங்காலி வீட்டுல புளி எப்பவாவதுதான். எங்க வீட்டுல சாம்பார், ரசம், புளிக்குழம்பு, வத்தக்குழம்பு. காக்குவுக்கு லாட்டரி அடிச்ச மாதிரி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு டப்பா நிறையக் கொட்டை கீழே போகும்.

கோடையில அந்தப் பசை புளிச்சுப் போயிருமேன்னு ஒரு தூக்குவாளியில ஊத்தி எங்க ஃப்ரிட்ஜ்ல வைப்பார். ஒரு ஞாயித்துக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தேன். எங்க வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்து, ஏதோ பெங்காலிக் கூழ் குடுத்துவிட்டிருக்காங்கன்னு நினைச்சு, உப்புப் போட்டு, மாவடு தொட்டு ஒரு கிண்ணம் சாப்பிட்டிருக்கார். நான் வந்து "என்னங்க, ஏன் பேசாம உக்காந்திருக்கீங்க"ன்னு கேட்டா கையைக் கையை ஆட்டுறார். உதடு ரெண்டும் கோந்து போட்ட கவர் மாதிரி இருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சுங்கிறீங்க! காக்கு விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். இவருக்கு என்ன ஆச்சுன்னு கேக்கலை. "தாதா, எப்படி, கெட்டியாப் பிடிக்குதா?"ன்னு கேட்டார்.

எங்க வீட்டுக்காரர் மேல அவருக்கு எப்பவும் ஒரு பயம் உண்டு. காரணம் மூக்குப்பொடி. எங்க வீட்டுக்காரர் தும்மினா அது தும்மல் இல்ல, வேட்டு. புதுசா வந்த நேரம், பக்கத்து வீட்டுப் பழக்கத்துக்குன்னு கீழே போய், காக்கு ஒரு மாசமா உக்காந்து பண்ணி வச்சிருந்த அம்மன் கிரீடத்துக்கு முன்னாடி நின்னு "அற்புதம், அற்புதம்"னு சொல்லிக்கிட்டே ஒரு சிட்டிகை இழுத்திருக்கார். அப்புறம் என்ன. ஒட்டாம தட்டுல வச்சிருந்த அத்தனை பூவும் எழும்பி, ரூம் பூரா பஞ்சாப் பறக்குது. காக்கு திட்டலை, கத்தலை. கத்தினாலும் காத்து வருமே! வாயை இறுக்கி மூடிக்கிட்டு, கண்ணால தண்ணி விட்டுக்கிட்டு நின்னார். அதுல இருந்து அவர் வீட்டுக் கதவுல சாக்கட்டியில ஒரு மூக்குப் படம், அது மேல பெருக்கல் குறி. இன்னாருக்குத்தான்னு எழுதலை. எழுதணுமா என்ன.

டீயை ஊதிக் குடிக்க மாட்டார். ஆறின பிறகுதான் குடிப்பார். ஊதுற பழக்கம் வந்துட்டா வேலையிலயும் வந்துருமாம். சிரிப்பு வந்தா துண்டை வாயில வச்சுக்குவார். தெருவுல நடந்தா சுவர் ஓரமா ஒட்டி நடப்பார். எதிரே பஸ் வந்தா கையில ஒண்ணுமே இல்லைன்னாலும் நெஞ்சோட சேர்த்து எதையோ பொத்திக்குவார்.

ஒரு தடவை நான் காளிகாட் கோயிலுக்குப் போயிட்டு மெட்ரோவுல திரும்பலாம்னு இறங்கினேன். பிளாட்பாரத்துல காக்கு, ஒரு தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். தூணுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு அட்டைப்பெட்டி. மேல்மூடி பத்தாம பூவெல்லாம் எட்டிப் பார்க்குது. காளிகாட் கடைக்காரர் அளவு சரியில்லைன்னு திருப்பிக் குடுத்திருக்கார்.

"என்ன காக்கு, வண்டி வரலையா?"

"வந்துச்சு. ஏழு வண்டி வந்துச்சு."

"அப்புறம்?"

"ஒவ்வொரு வண்டியும் காத்தோடயே வருது பௌதி."

சுரங்கத்துக்குள்ள வண்டி வந்தா முன்னாடி காத்து வரத்தானே செய்யும்? அதுக்கு ரயில்வே என்ன பண்ணும்? எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். என்கிட்ட இருந்த குடையை விரிச்சு அவருக்கு முன்னாடி கேடயமாப் பிடிச்சேன். எட்டாவது வண்டி வந்துச்சு. அது வர்றதுக்குள்ள ஒரு போலீஸ்காரர் வந்துட்டார். தரைக்கு அடியில எதுக்கும்மா குடைன்னு கேட்டார். மழைக்குன்னு சொல்ல முடியுமா? காத்துக்குன்னு சொன்னேன். அவர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டு, பைத்தியத்துக்கு வழி விடுற மாதிரி ஒதுங்கிட்டார். அந்த வண்டியையும் விட்டுட்டோம். காளிகாட்ல இருந்து டாலிகஞ்ச் வரைக்கும் நடந்தோம், சுவர் ஓரமாவே.

மீனா அந்தப் புழுக்க ரூம்லதான் வளர்ந்தான்னு சொல்லணும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கீழே ஓடிருவா. அஞ்சு வயசுப் பிள்ளை, வேர்க்க வேர்க்க, அசையாம உக்காந்து மொட்டு மடிப்பா. பாடப் புத்தகத்துல பக்கம் திருப்பினாக்கூட மெதுவாத் திருப்புவா. அவளோட ஏழாவது பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினோம். காக்குவும் வந்திருந்தார். மெழுகுவர்த்தியை ஊதப் போற நேரத்துல "மீனு, ஊதாதே!"ன்னு ஒரு சத்தம். எங்க வீட்டுல ஒரு பூ கிடையாது, ஒரு நெட்டி கிடையாது. பழக்கதோஷம். சொல்லிட்டு அவரே வெக்கப்பட்டுப் போனார். என் மக என்ன பண்ணினா தெரியுமா? விரலை எச்சில் பண்ணி, ஏழு மெழுகுவர்த்தியையும் நசுக்கி நசுக்கி அணைச்சா. இப்பவும் அவ அப்படித்தான் அணைக்கிறா.

அவளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. ஜாதவ்பூர் யுனிவர்சிட்டியில கூடப் படிச்ச பெங்காலிப் பையன். நல்ல பையன். ஆனா அவனுக்கு ஒரு அத்தை. அப்பா கூடப் பிறந்தவங்களை 'பிஷி'ம்பாங்க. அந்த வீட்டுல பிஷி வச்சதுதான் சட்டம். மாப்பிள்ளையைத் தூக்கி வளர்த்ததும் அவங்கதான், கூடவே இருக்கிறதும் அவங்கதான். மீனா போய் வாழப்போறது அவங்க சமையல்கட்டுல. அதனால அவங்களைப் பார்த்தாலே நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு எழுந்து நின்னுருவேன்.

பேசி முடிக்க வந்தவங்க எங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து, டோபர் பேச்சை எடுத்தாங்க. டோபர்ங்கிறது மாப்பிள்ளை தலையில வைக்கிற கூர்க் கிரீடம், வெள்ளையா ஒரு முழ உயரத்துக்கு இருக்கும். நெட்டியிலதான் செய்யணும். பொண்ணு வீட்டுல இருந்துதான் குடுக்கணும்.

"சாம்பார் கொதிக்கிற வீட்டுல டோபரைப் பத்தி என்ன தெரியும்"னு பிஷி மூக்கைச் சுளிச்சாங்க. "கடையில தெர்மாகோல்ல வாங்கிட்டு வந்து நீட்டிராதீங்க. அசல் ஷோலா. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. சிந்தூர் வைக்கிற வரைக்கும் அதுல இருந்து ஒரு இதழ் உதிரக் கூடாது. உதிர்ந்தா அபசகுனம். அப்புறம் அந்தப் பொண்ணுக்கு நான் பொறுப்பில்ல."

சிந்தூர்ங்கிறது மாப்பிள்ளை பொண்ணு வகிட்டுல வைக்கிற குங்குமம், அவங்களுக்கு அதுதான் தாலி. இதழ் உதிரக் கூடாதுன்னு ஒரு சாஸ்திரமே கிடையாதாம், பின்னாடி விசாரிச்சேன். ஆனா அந்த நேரத்துல எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "ஒரு இதழ் உதிராது. எழுதி வச்சுக்கோங்க"ன்னுட்டேன். நாக்கு இருக்கே, அது சும்மா கிடக்காது.

கீழே போய்க் காக்குகிட்டச் சொன்னேன். அவர் கையில இருந்த கத்தியைக் கீழே வச்சார். அப்புறம், "மீனுவுக்கா?"ன்னு மட்டும் கேட்டார். ரெண்டு மாசம் வேற எந்த வேலையும் எடுக்கலை. அந்த டோபரைப் பார்த்திருக்கணுமே நீங்க! மல்லிமொட்டு வரிசை வரிசையா, உச்சியில ரெண்டு மயிலு, மயிலோட கழுத்துல முடி மாதிரி மெல்லிசா இறகு. அடேங்கப்பா, அதைப் பார்க்கும்போது நான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.

கல்யாணம் சித்திரைக் கடைசி. காலையில நம்ம முறைப்படி தாலி, மேளம், எல்லாம் நல்லா முடிஞ்சது. சாயங்காலம் அந்தி லக்னத்துல அவங்க முறை. மண்டபத்து மொட்டை மாடியில, சுத்திலும் துணி கட்டி மணவறை. காக்கு மதியமே வந்து எல்லா ஃபேன் சுவிட்சுலயும் கறுப்பு டேப் ஒட்டிட்டார். எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "தாதா, நீங்க கேட்டுல நின்னு ஆளுங்களை வரவேற்கணும், பெரிய பொறுப்பு"ன்னு மூக்குப்பொடி டப்பாவோட தெருவுக்கு அனுப்பிட்டார். அவரும் பெருமையாப் போய் நின்னார்.

எல்லாம் சரியா வந்துச்சு, வானத்தைத் தவிர. மாப்பிள்ளை தலையில டோபரை வச்சு, மணவறையில உக்காந்த நேரம், மேற்கே கறுத்துக்கிட்டு வருது. கால்பைசாகி. கோடையில அந்த ஊருக்கு வர்ற புயல் காத்து. வந்தா கொடியில காயுற வேட்டி அடுத்த தெருவுல போய்த்தான் விழும். காக்கு முகத்தைப் பார்க்கணுமே, பாதி செத்துட்டார். துண்டை டோபர் மேல கூடாரம் போட்டு, மாப்பிள்ளையைக் குனிய வச்சு, கீழ் ஹாலுக்குத் தள்ளிக்கிட்டே ஓடினார். முந்நூறு பேரும் பின்னாடியே. ஜன்னலை எல்லாம் அடைச்சோம். ஹால்ல மறுபடி ஹோமம் மூட்டினாங்க. மழை பிடிச்சது, கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் நாலு தடவை இருமிட்டு நின்னுருச்சு.

அந்த ஹாலை எப்படிச் சொல்றது. புகை, வேர்வை, நெய், முந்நூறு பேர் மூச்சு. மழை கொஞ்சம் விட்டதும் யாரோ ஜன்னலைத் திறக்கப் போனாங்க. காக்கு குறுக்கே நின்னு கையை விரிச்சார். "திறக்காதீங்க"ன்னு நானும் கத்தினேன். ஆமா, நானும்தான். ஈரத்துல பசை இளகிருச்சுன்னு காக்கு என் காதுல சொல்லியிருந்தார். பொத்தினா நிக்கும், காத்துப் பட்டா அவ்வளவுதான். பிஷி வேற டோபரையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு எதிர்ல உக்காந்திருக்காங்க. மண்டபத்துக்காரர் ஒரு கட்டு பனையோலை விசிறி கொண்டு வந்தார். அதையும் வாங்கி என் மடியில வச்சுக்கிட்டேன்.

மீனா காலையில இருந்து விரதம். உடம்புல பனாரஸ் பட்டு, தலையில நெட்டிக் கிரீடம். என் பக்கமா லேசாச் சாஞ்சு, "அம்மா, கண்ணு இருட்டுது"ன்னா. உதடு வெளுத்துப் போயிருந்துச்சு.

மடியில இருபது விசிறி. நான் டோபரைப் பார்த்தேன், பிஷியைப் பார்த்தேன். இன்னும் சிந்தூர் வைக்கலை. ஒரு ரெண்டு நிமிஷம் பொறுத்துக்க மாட்டாளான்னு தோணுச்சு. பெத்தவ, நான் யோசிச்சேன். இதைச் சொல்ல எனக்கு இன்னிக்கும் வெக்கமா இருக்கு.

காக்கு யோசிக்கலை. ஜன்னலை விட்டு ஓடி வந்தார், என் மடியில இருந்து ஒரு விசிறியைப் பிடுங்கினார், மீனா முன்னாடி முட்டி போட்டு வீச ஆரம்பிச்சார். ஆனா பாவம், வாழ்நாள்ல விசிறியைத் தொட்டிருந்தாத்தானே! காம்பை விட்டுட்டு ஓலையைப் பிடிச்சுக்கிட்டு, ரொட்டி திருப்புற மாதிரி குறுக்கால வெட்டுறார். காத்து மீனாவைத் தவிர எல்லா இடத்துக்கும் போகுது. மாப்பிள்ளை டோபர்ல இருந்து முதல் மொட்டு கழண்டுச்சு. சுத்திச் சுத்தி இறங்கி, பிஷி மடியில உக்காந்துச்சு.

எனக்கு உசுரே போச்சு. "பிஷி, அது வந்து, இதழ்…"ன்னு இழுத்தேன்.

"எந்த இதழ்?" பிஷி எழுந்து நின்னுட்டாங்க. "பொண்ணு மயங்கி விழுறா, இவளுக்கு இதழ் கவலை! அம்மாவா நீ?" அப்படியே காக்கு பக்கம் திரும்பினாங்க. "உனக்கு இத்தனை வயசாச்சு, விசிறத் தெரியலையே! எந்த ஊர்க்காரன் நீ? தள்ளு அங்கிட்டு!"

விசிறியைப் பிடுங்கி, முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு வீசினாங்க பாருங்க, அது வீச்சு! நானும் ஒண்ணை எடுத்தேன். மத்த விசிறியை எல்லாரும் பறிச்சாங்க. மொட்டு பறக்குது, இறகு பறக்குது, மயிலு ஒண்ணு ஐயர் தலையில போய் இறங்குது. ரெண்டு மாச வேலை அவ்வளவும் ஹால் பூரா பறக்குது. எங்க வீட்டுக்காரர் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர், இந்தப் பூ மழையைப் பார்த்துட்டு முகூர்த்தம்னு நினைச்சு "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னு கத்துறார். மேளக்காரங்க காலையிலயே ஊருக்குப் போயாச்சு. பெங்காலிப் பொம்பளைங்க அதுதான் சமயம்னு குலவை போட்டுட்டாங்க. அந்தச் சத்தத்துல மாப்பிள்ளையும் அவசரமாச் சிந்தூரை வச்சுட்டான். மீனா கண்ணைத் திறந்து, தண்ணி கேட்டா. மாப்பிள்ளை தலையில வெறுங்கூம்பு, பொரிகடலைப் பொட்டலம் கணக்கா நிக்குது.

நான் காக்குவைத் தேடினேன். அழுதுக்கிட்டு இருப்பார்னு நினைச்சேன். அவர் ஒவ்வொரு ஜன்னலாப் போய், கொண்டியை எடுத்து, அவர் கையாலேயே ஒண்ணு விடாமத் திறந்துக்கிட்டு இருந்தார். கடைசி ஜன்னலைத் திறந்ததும் மழைக்காத்து குப்புன்னு உள்ளே வந்துச்சு. அந்த இடத்தை விட்டு அவர் நகரலை. துண்டைத் தோள்ல இருந்து எடுத்துட்டு, சட்டைப் பித்தானை ரெண்டு கழட்டிவிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, முகத்தைக் காத்துக்குக் குடுத்துக்கிட்டு நின்னார். தலைமுடி எல்லாம் பின்னாடி பறக்குது.

நான் பக்கத்துல போனேன். "காக்கு"ன்னு மட்டும் கூப்பிட்டேன்.

கண்ணைத் திறக்காமலேயே சொன்னார், "ரொம்ப நல்லா இருக்கு பௌதி."